மாற்று என்னும் சொல்

1

காரைக்கால் வட்டாரத்தில், சுரக்குடி போன்ற கடைமடை ஊர்களில், மேட்டூர் திறக்கும் காலத்துக்கு முன்னால் வாய்க்காலைத் தூர் வாருவது பழைய வழக்கம். தூர்ந்துபோயிற்று என்பதற்காக வாய்க்காலைக் கைவிட்டு, வேறோர் இடத்தில் புதிதாக ஒன்றை யாரும் வெட்டுவதில்லை. சேற்றை அள்ளிக் கரையில் போடுவார்கள். இடிந்த மதகைக் கட்டுவார்கள். கரையைத் தின்னும் மரத்தின் வேரை மட்டும் வெட்டி, நிழலுக்கு மரத்தை விட்டுவைப்பார்கள். தண்ணீர் பழைய வழியிலேயே வந்து பழைய வயலிலேயே பாயும். பாசனம் பெறுகிறவர்களே ஆள் அனுப்பிச் செய்ய வேண்டிய இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். 1858இல் சென்னை ராஜதானிக்காக இதற்கென்று ஒரு சட்டமே இயற்றப்பட்டு, ஆள் அனுப்பாதவனுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கமாக இருந்தது கட்டாயமாயிற்று. கட்டாயமானதும் வழக்கம் மெலிந்தது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2017இல் அதே பெயரில் ஓர் அரசுத் திட்டம் வந்தது. மண்ணை அள்ளப் பொக்லைன் இயந்திரம் வந்தது. பெயர் மட்டும் பழசு.

நகரத்து ஏழைகளின் குடியிருப்புக்கு வருகிறபோது இந்த எளிய புத்தி நமக்கு ஏன் வேலை செய்வதில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. குடிசைப் பகுதி ஒன்றில் சாக்கடை இல்லை என்றால் சாக்கடை வெட்டலாம். தண்ணீர் இல்லை என்றால் குழாய் போடலாம். ஆனால் நம்முடைய நிர்வாகங்களுக்கு முதலில் தோன்றுவது அங்கிருக்கும் மனிதர்களை வேறெங்காவது கொண்டுபோய் வைப்பதுதான். வாய்க்கால் தூர்ந்தால் வயலைப் பெயர்த்து எடுத்துப் போவதற்கு ஒப்பானது இது. நூறு ஆண்டுகளாக இதை மறுத்துப் பேசியவர்கள் உண்டு. அந்த மறுப்பின் ஆரம்பப் பக்கங்களில் சில நம் தஞ்சாவூரில் எழுதப்பட்டவை. அவை எப்படி எழுதப்பட்டன, எங்கே போயின, எந்த வேஷத்தில் திரும்பி வந்தன என்பதைப் பார்க்கலாம்.

2

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். 1970இல் தமிழ்நாடு அரசு ஒரு வாரியத்தை அமைத்தது. அதன் ஆங்கிலப் பெயரில் இருந்த சொல் ‘கிளியரன்ஸ்’. அகற்றுதல், துடைத்தெறிதல். தமிழில் வைத்த பெயரோ குடிசை மாற்று வாரியம். பெயர் சூட்டியவர்கள் மொழியோடு பழகியவர்கள். அகற்று என்பதைத் தவிர்த்து மாற்று என்று போட்டதை ஏதோ ஒரு கூச்சத்தின் விளைவாகவோ, ஒரு நல்லெண்ணத்தின் விளைவாகவோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாற்று என்பது வசதியான சொல். சட்டையை மாற்று என்றால் இதைக் கழற்றி வேறொன்றைப் போடு என்று பொருள். மனத்தை மாற்று என்றால் இருக்கிற மனமே வேறாகட்டும் என்று பொருள். ஊழியரை மாற்று என்றால் ஆளைத் தூக்கி இன்னோர் ஊருக்கு அனுப்பு என்று பொருள். குடிசையை மாற்று என்றால் இந்த மூன்றில் எது? வாரியத்தின் ஐம்பது வருஷச் சரித்திரம், இந்தச் சொல் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு நகர்ந்த சரித்திரம்தான். முதலில் குடிசைக்குப் பதில் அதே இடத்தில் அடுக்கு வீடு. பிறகு குடிசை அங்கேயே இருக்க, சுற்றுப்புறத்தில் மாறுதல். கடைசியில் ஆளையே மாற்றல் செய்வது. சொல் ஒன்றாகவே இருந்ததால் நகர்ந்தது யார் கண்ணிலும் படவில்லை.

ஆங்கிலச் சொற்கள் மட்டும் யோக்கியமானவை என்று சொல்லவில்லை. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. 1898இல் நகரைச் சீர்திருத்த ஒரு டிரஸ்ட் நிறுவினார்கள். அதன் பெயரில் ‘இம்ப்ரூவ்மென்ட்’ இருந்தது, அபிவிருத்தி. அது பெரிதும் செய்தது நெரிசலான சந்துகளை இடித்து அகலமான தெருக்களைப் போட்டது. இடிபட்ட வீட்டுக்காரர்கள் பக்கத்துச் சந்துகளில் புகுந்து அவற்றை மேலும் நெரிசலாக்கினார்கள். நோய் அவர்களோடு கூடவே போயிற்று.

3

இதை நேரில் பார்த்துக் கோபப்பட்டவர் பேட்ரிக் கெடிஸ் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். 1854இல் பிறந்தவர்; படிப்பால் உயிரியல்வாதி. எடின்பரோவின் பழைய நகரம் அழுகிக் கிடந்தபோது, கல்யாணமான புதிதில் மனைவி ஆனாவோடு அங்கே ஒரு பழைய அடுக்குக் கட்டிடத்தில் குடியேறி, அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, முற்றத்தைச் சுத்தம் செய்து, மெதுவாக ஒரு தெருவையே மீட்டவர். நகரமும் ஓர் உயிர். உயிரைப் புரிந்துகொள்ளாதவன் அதற்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி.

சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து 1914 கடைசியில் அவர் இந்தியா வந்தார். நகரங்களைப் பற்றிய வரைபடங்களும் படங்களும் அடங்கிய அவருடைய பொருட்காட்சி தனியே ‘கிளான் கிராண்ட்’ என்ற கப்பலில் வந்தது. அந்தக் கப்பலை 1914 அக்டோபரில் எம்டன் மூழ்கடித்தது. சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போய், நம் பேச்சில் இன்றும் ஒரு வசைச்சொல்லாகவும் பாராட்டுச்சொல்லாகவும் உலவுகிற அதே எம்டன். வாழ்நாள் சேகரம் கடலடியில் போன பிறகு, நண்பர்கள் அவசரமாகச் சேர்த்து அனுப்பியதைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் அவர் காட்சியை நடத்தினார். அதற்கு முன்னும் பின்னும் ராஜதானியின் ஊர்களை நடந்து பார்த்தார். மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிக்கை.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெரிசலான ஒரு பகுதி. அதைச் ‘சுகாதாரப்படுத்த’ ஒரு திட்டம் தயாராக இருந்தது. காகிதத்தில் நேர்கோடுகள், அந்தக் கோடுகள் ஓடுகிற வழியில் வீடுகள் போகும். கெடிஸ் அந்தப் பகுதியைச் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு குடியிருக்கத் தகுந்தது, எது இடிந்து காலியாகக் கிடக்கிறது, கிணறு எங்கே, மரம் எங்கே, சின்னக் கோயில் எங்கே என்று குறித்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னது மிகவும் சாதாரணமானது. பாழடைந்தவற்றில் சிலதை மட்டும் எடுத்துவிட்டால் அங்கங்கே வெளி கிடைக்கும். அந்த வெளிகளை ஒன்றோடொன்று சேர்த்தால் காற்றும் வழியும் வரும். அதில் ஒரு மரம் நடலாம், குழந்தைகள் விளையாடலாம். நல்ல வீடு எதுவும் போக வேண்டாம். செலவும் நேர்கோட்டுத் திட்டத்தில் ஒரு சிறு பங்குதான். இந்த முறைக்கு அவர் வைத்த பெயரைப் பேணும் ரணசிகிச்சை என்று தமிழாக்கலாம். கத்தி உண்டு, ஆனால் கெட்ட சதையை மட்டும் தொடும் கத்தி.

மொத்தமாக இடித்துத் தள்ளுவது சுகாதாரத்தின் சரித்திரத்திலேயே மிக நாசகரமான தவறுகளில் ஒன்று என்பது அவருடைய தீர்ப்பு. ஏழைகள் இடித்த இடத்திலிருந்து மறைந்துபோவதில்லை. இன்னும் மோசமான இடத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். அதற்குப் பெயர் சுகாதாரம் அல்ல. அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். இந்த முறையை ஆபீஸில் உட்கார்ந்து அளவுகோலை வைத்துச் செய்ய முடியாது. மணிக்கணக்கில் நடக்க வேண்டும். குடியிருப்பவர்களிடம் பேச வேண்டும். வரைபடத்தில் இல்லாதது தெருவில் இருக்கிறது.

நடந்து பார்த்தவர் சொன்னதை நடக்காதவர்கள் கேட்கவில்லை. அவரோடு இங்கே பணிபுரிந்த லான்செஸ்டர் 1918இல் சென்னை நகர அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1920இல் சென்னை நகர அமைப்புச் சட்டம் வந்தது. துறை பிறந்தது, முறை பிறக்கவில்லை. கெடிஸ் இந்தூருக்குப் போய், ஒரு தீபாவளியின்போது ஒருநாள் மகாராஜாவாக ஊர்வலம் வந்தார். எந்தத் தெருக்கள் மிகச் சுத்தமாக இருக்கின்றனவோ அந்தத் தெருக்கள் வழியாகவே ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். ஜனங்கள் தாங்களே குப்பையை அள்ளினார்கள், எலிகளைப் பிடித்தார்கள். இதை வேடிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சுகாதாரத்தைக் குடியிருப்பவர்களின் பெருமையாக ஆக்கிய ஒரு நாள் அது. அதிகாரத்தின் பயமாக அல்ல. 1919 முதல் 1924 வரை பம்பாயில் சமூகவியல் பேராசிரியராக இருந்துவிட்டு ஐரோப்பா திரும்பி, 1932இல் பிரான்சில் இறந்தார். இங்கே அவருடைய அறிக்கைகளை அலமாரியில் கரையான் படித்தது.

4

கெடிஸைப் பாராட்டுவது சுலபம். ஆனால் இங்கு ஒரு மறுப்பு எழ வேண்டும். எழாவிட்டால் நாம் யோசிக்கவில்லை என்று அர்த்தம். ஊரை ஓர் உயிராகப் பார்க்கிற பார்வை, அந்த உயிருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களை என்ன செய்யும்? கோயில் நகரங்களின் அமைப்பில் கெடிஸ் மனத்தைப் பறிகொடுத்தவர். தெருவும் தேரும் குளமும் அவர் கண்ணில் ஓர் ஒழுங்கு. அந்த ஒழுங்குக்கு வெளியே, வாய்க்காலுக்கு அப்பால் இருந்த சேரியும் அந்த ஒழுங்கின் பகுதிதான். பேணுவது என்று ஆரம்பித்தால் எதையெல்லாம் பேணுவது? 1942இல் நாக்பூரில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மாநாடு, ஊரின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வாழ மாட்டோம், எங்களுக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அம்பேத்கரின் நிலையும் அதுதான். இருந்த இடத்திலேயே இரு என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் நல்வார்த்தை அல்ல. டெல்டாவிலிருந்து சென்னைக்கும் பினாங்குக்கும் ஓடியவர்களில் பலருக்கு ஓட்டமே விடுதலை.

ஆக, இடத்தின் மீதான காதல் ஓர் அரசியலுக்குப் போதாது. வேறொன்று வேண்டும். அது என்ன என்பதை நம் கீழத்தஞ்சையே சொல்கிறது.

இந்தப் பகுதியில் பண்ணையாளின் குடிசை அவனுடையது. குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. கூலி உயர்த்திக் கேட்டால் முதலில் போவது குடியிருப்பு. ‘மனையைக் காலி பண்ணு’ என்ற ஒரு வாக்கியத்தில் ஒரு குடும்பத்தின் பேச்சு நின்றுவிடும். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் இயக்கம் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக நின்றபோது, அதன் அடியில் இந்த மண் பிரச்சனையும் இருந்தது. 1961இல் குடியிருப்புதாரர்களை வெளியேற்றுவதிலிருந்து பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். மூன்று வருஷத்துக்குள், 1971இல், இன்னொரு சட்டம்: அந்த ஆண்டு ஜூன் 19 அன்று விவசாயத் தொழிலாளி எந்த மனையில் குடியிருந்தானோ அந்த மனை அவனுக்கே சொந்தம். புதுச்சேரிக்கும் பின்னர் இதே பெயரில் ஒரு சட்டம் வந்தது. எல்லா இடத்திலும் அது சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. அது பிடித்துக்கொண்ட வரிசையைத்தான் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் அவனுக்கு வீடு கட்டிக் கொடுக்கவில்லை. அவன் நின்ற மண்ணை முதலில் கொடுத்தது. சுவர் பிறகு. மண் கிடைத்த பிறகு இருப்பதா போவதா என்பது அவனுடைய தீர்மானம் ஆகிறது. விற்றுவிட்டுத் திருப்பூர் போனாலும் அது குடிபெயர்தல், துரத்தப்படுதல் அல்ல.

இடம்பெயர்க்காமல் மேம்படுத்துவது என்பதன் சாரம் இதுதான். போகவும் இருக்கவும் குடியிருப்பவனுக்கு உரிமை உண்டா என்பதுதான் கேள்வி. இடம் புனிதமா என்பதல்ல.

5

அதே 1971இல் நகரத்துக்கும் ஒரு சட்டம் வந்தது. குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டம். ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் அங்கே குடியிருப்பவரை உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெளியேற்ற முடியாது; அந்த இடத்தை மேம்படுத்தும் கடமையும் வரும். அதாவது அந்தப் பெயரே ஒரு கவசம். 1971இல் சென்னையில் 1202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17. அதன் பிறகு ஒன்றுகூட இல்லை.

இதை நம் வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நகரம் பெருத்தது, குடிசைகள் பெருகின, ஆனால் பெயர் சூட்டுவது நின்றுவிட்டது. பெயர் பெறாதவர்களுக்கு ஆவணங்களில் வேறு சொற்கள் கிடைத்தன. ஆக்கிரமிப்பாளர். ஆட்சேபகரமான புறம்போக்கு. புறம்போக்கு என்பது வரிவிதிப்புக்கு வெளியே விடப்பட்ட நிலம். மேய்ச்சலும் களமும் சுடுகாடும் பாதையும் அதில் அடக்கம். ஊருக்குப் பொதுவானது என்ற அந்தச் சொல் சென்னைத் தமிழில் மனிதனைத் திட்டுகிற சொல்லாயிற்று. பொதுவானது எதுவும் யாருக்கும் உரியதல்ல, எனவே கேவலமானது என்று ஒரு சமூகம் முடிவு கட்டியதை இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதார நூலும் சொல்லாது.

வாரியம் முதல் ஆண்டுகளில் செய்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் குடிசைகள் இருந்த அதே மண்ணில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. கடற்கரையில், நகரத்தின் நெற்றியில், மீனவனுக்கும் கூலிக்காரனுக்கும் காரைக் கட்டிடம் கிடைத்தது சாதாரணமல்ல. வேறு பல நகரங்களில் அந்த இடத்துக்கு ஹோட்டல்தான் வந்திருக்கும். ஆனால் வரிசை தலைகீழ். முதலில் சுவர், மண் கடைசி வரை வாரியத்துடையது. மாடிவீட்டில் ஓர் அறை கூட்டிக்கொள்ள முடியாது. ஆடு கட்ட முடியாது, வலை காய வைக்க முடியாது. கட்டிடம் பழுதானால் வாரியம் வர வேண்டும். குடிமராமத்து செய்யக் குடிக்கு அதிகாரமில்லை.

6

இந்தக் கட்டத்தில் தஞ்சாவூர்க் காகிதங்கள் வேறு வழியில் திரும்பி வருகின்றன. கெடிஸின் இந்திய அறிக்கைகளிலிருந்து பகுதிகளைத் தொகுத்து 1947இல் ஜாக்குலின் டிர்விட் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். நமக்குச் சுதந்திரம் வந்த வருஷம். நாம் வேறு வேலையாக இருந்தோம். மாணவப் பருவத்திலேயே கெடிஸைப் படித்துப் பாதிப்புப் பெற்றவர் ஜான் டர்னர் என்ற ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர். 1957இல் பெரு நாட்டுக்குப் போனார். லிமா நகரத்தின் ஓரங்களில் ஏழைகள் தாங்களே நிலம் பிடித்து, தாங்களே வருஷக்கணக்கில் கட்டிக்கொள்ளும் வீடுகளைப் பார்த்தார். இவற்றைப் பிரச்சனை என்று அரசு நினைக்கிறது. இவைதான் விடை என்று சொன்னார். வீடு என்னவாக இருக்கிறது என்பதைவிட, குடியிருப்பவர் வாழ்க்கையில் அது என்ன செய்கிறது என்பதே முக்கியம் என்பது 1976இல் வந்த அவருடைய நூலின் வாதம். ஆசியாவிலும் இதே பாதை திறந்திருந்தது. 1969இல் ஜகார்த்தாவில் கம்போங்குகளை இடிக்காமல், சந்துக்குத் தளம் போட்டு, சாக்கடை வெட்டி, குழாய் வைத்தார்கள். வீட்டை ஜனங்கள் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

எழுபதுகளில் உலக வங்கி இந்தச் சிந்தனையைத் தனக்கு வேண்டிய அளவில் எடுத்துக்கொண்டது. அரசு வீடு கட்டித் தருவது செலவு. மனையும் குழாயும் கொடுத்தால் ஏழை தானே கட்டிக்கொள்வான், தவணையும் கட்டுவான். 1977இல் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் இப்படித்தான் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் புதிய மனைகள் பிரிக்கப்பட்டன. இருக்கிற குடிசைப் பகுதிகளில் யாரையும் கிளப்பாமல் பாதை, விளக்கு, குழாய், கழிப்பிடம். அதோடு மனைக்கு உரிமை. தஞ்சாவூரில் சும்மா கிடைத்த யோசனை, லண்டன், லிமா, வாஷிங்டன் சுற்றிவிட்டுக் கடனாக, வட்டியோடு நமக்குத் திரும்பி வந்தது.

வட்டியைப் பற்றிய கசப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் திட்டம் செய்தது நல்ல வேலை. இன்று அரும்பாக்கத்திலோ வில்லிவாக்கத்திலோ அந்த மனைகள் எவை என்று வெளியூர்க்காரனால் அடையாளம் காண முடியாது. ஓட்டுவீடு மாடிவீடாகி, கீழே கடையாகி, மேலே வாடகைக்கு விடப்பட்டு, மற்ற தெருக்களைப் போலவே ஆகிவிட்டன. மேம்பாடு என்பது இப்படித்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. திறப்பு விழாவுக்கு உதவாது. அதில் கல்வெட்டு வைக்க இடமில்லை. அரசியல்வாதிக்கும் பொறியாளருக்கும் அது பிடிக்காமல் போனதற்கு இதைவிடக் காரணம் தேட வேண்டாம்.

ஆனால் இங்கும் மண்ணில் வந்து முட்டியது. மேம்படுத்தப்பட்ட பல குடிசைப் பகுதிகளில் தவணையைக் கட்டி முடித்தவர்களுக்குக் கிரயப் பத்திரம் கிடைக்கவில்லை. நிலம் ஒரு துறையின் பெயரில், வாரியம் இன்னொரு துறை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காகிதம் நகரவில்லை. தந்தை கட்டிய ரசீதை மகன் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறான். கீழத்தஞ்சையில் ஒரு மிராசுதாரிடமிருந்து பிடுங்க முடிந்ததை, நகரத்தில் அரசு தன்னிடமிருந்தே பிடுங்க முடியவில்லை.

7

1985இல் உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்ததே என்றது. குடியிருக்கும் இடத்தைப் பறித்தால் பிழைப்பைப் பறித்ததாகும் என்பதையும் ஒப்புக்கொண்டது. உரிய அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் கூடவே சொன்னது. முதல் வாக்கியத்தை நாம் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். நிர்வாகம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது.

2000இல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2010களில் பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டிடங்கள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் இவற்றின் கரைகளிலிருந்து, பறக்கும் ரயிலின் பாதையிலிருந்து, ஜனங்கள் லாரிகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிப் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்; 2015 வெள்ளம் அங்கும் வந்தது. பல வீடுகளில் வேலை செய்து சம்பாதித்த பெண்ணுக்கு அந்த வீடுகள் நகரத்தின் இன்னொரு முனையில் போய்விட்டன. பஸ் பிடித்துப் போனால் கூலியில் ஒரு பங்கு பஸ்ஸுக்கு. பள்ளி பாதியில் நிற்கும். இருந்த இடத்தில் கடன் கொடுத்த மளிகைக்கடைக்காரர், குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஆயா, காலையில் வேலைக்கு ஆள் கூப்பிட வரும் மேஸ்திரி எல்லாம் எந்த நஷ்ட ஈட்டுப் பட்டியலிலும் இல்லை. ஏழையின் சொத்தில் பெரும்பகுதி அக்கம்பக்கம்தான். அதை லாரியில் ஏற்ற முடியாது.

அந்த இடத்துக்குக் கண்ணகி என்று பெயர் வைத்தவர் சிலப்பதிகாரத்தை நினைத்துத்தான் வைத்திருப்பார். கண்ணகி யார்? இங்கிருந்து வடக்கே கடற்கரையோடு போனால் வரும் புகாரில் பிறந்து, ஊரை விட்டு மதுரைக்குப் போய், அங்கே வழக்கு விசாரிக்கப்படாமலே கணவனை இழந்தவள். விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன நகரத்தை எரித்தவள். பெயர் சூட்டியவர் கதையின் கற்புப் பகுதியோடு படிப்பை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது.

நம் எழுத்தாளர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. குடிசைப் பகுதி நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. ஜெயகாந்தன் அதைத் தைரியமாக உள்ளே கொண்டுவந்தார். 1965இல் திரைக்கும் கொண்டுபோனார். ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974இல் வந்தது. அதில் கந்தனின் ஒரு நாள், இரக்கமும் அருவருப்பும் இல்லாமல், அவன் இருக்கிற இடத்திலிருந்தே பார்க்கப்படுகிறது. கெடிஸ் சொன்ன நடையும் நாகராஜனின் பார்வையும் ஒரே ஒழுக்கத்தைச் சேர்ந்தவை என்று எனக்குப் படுகிறது. இவர்களுக்குப் பிறகு வந்த பெரும்பாலான எழுத்தில் குடிசை ஒரு பின்னணி. இரக்கப்படுகிறவனும் முகம் சுளிக்கிறவனும் ஒரே தூரத்தில்தான் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் அங்கே ஒரு விலாசம் இருப்பது தெரிவதில்லை.

8

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கேள்வி எங்கள் கரைக்கும் வந்தது. காரைக்காலின் மீனவக் கிராமங்கள் அடிபட்டன. கடலிலிருந்து தள்ளிப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. தமிழ்நாட்டில் 2005 மார்ச்சில் ஓர் அரசாணை வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர், உள்ளே தள்ளிப் போக ஒப்புக்கொண்டால் வீடு இலவசம். பழைய இடத்திலேயே இருப்பேன் என்றால் இருக்கலாம், உதவி கிடையாது. தேர்வு கொடுப்பதுபோலக் கொடுத்துப் பறிக்கிற இந்த வாக்கிய அமைப்பை இலக்கணமாகப் படிக்க வேண்டும். மீனவன் கடலருகே இருப்பது காட்சிக்காக அல்ல. நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் விடியுமுன் வாசலில் நின்று பார்த்துத்தான் அன்றைய தொழிலை அவன் தீர்மானிக்கிறான். வலையும் எஞ்சினும் அவன் கண்ணெதிரே கரையில் கிடக்க வேண்டும். கடலுக்குப் பயந்து விலகிப் போக விரும்பியவர்களும் உண்டு. அந்த விருப்பமும் நியாயமானதே. இரண்டு விருப்பங்களுக்கும் ஒரே மதிப்பைக் கொடுக்க அரசாணைக்குத் தெரியவில்லை.

2021இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயர் மாறிற்று. இப்போது அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். மாற்று போய், மேம்பாடு வந்திருக்கிறது. நல்ல சொல்தான். பம்பாய் டிரஸ்டின் பெயரிலும் இதே சொல்தான் இருந்தது என்பதை மறக்காமல் இருந்தால் போதும். இந்தப் பெயர் எதைச் செய்யப்போகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டாம். ஒன்றைக் கேட்டால் போதும்: முதலில் கொடுக்கப்படுவது மண்ணா, சுவரா? மண்ணைக் கொடுக்காமல் சுவரைக் கொடுப்பவர், என்றாவது ஒருநாள் சுவரோடு சேர்த்து ஆளையும் மாற்றிவிடக் கூடியவர்.

சுரக்குடியின் பெயரிலும் குடி இருக்கிறது. குடியிருப்பு, குடிமராமத்து, குடிமகன், குடிபெயர்வு, குடிசை: மொழிநூலார் வேர் பிரித்து எப்படிச் சொன்னாலும், இவை காதுக்கு ஒரே குடும்பமாகவே ஒலிக்கின்றன. இந்தக் குடும்பத்தில் கடைசிச் சொல்லை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அது அசிங்கம், அது அகற்றப்பட வேண்டியது என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடைமடையில் வாய்க்கால் தூர் வாருகிறபோது மண்வெட்டியோடு இறங்குகிறவன், எது சேறு எது கரை என்று காலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுகிறான். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் கெடிஸ் நடந்தது அந்த மாதிரி நடைதான். அந்த அளவு நிதானம் ஒரு நகரத்துக்குக் கைகூடாது என்று யாராவது சொன்னால், கைகூடிய இடங்கள் அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் இருக்கின்றன. போய்ப் பார்க்கலாம். அடையாளம் தெரியாது என்பதுதான் அடையாளம்.